“மார்புக்குள்ளே கல் இருக்கு” என்று அக்கா சொன்னபோது

மனநல மருத்துவரான எனக்கு ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அக்காவுக்கு வயது 47. இருபது வருடமாக மனச்சிதைவு நோய். முதல் பத்து வருடம் ரிஸ்பெரிடோன் மாத்திரை. அது போதாமல்போய், ஒன்பது வருடமாகக் குளோசபைன். ஆறு மாதமாக மனச்சோர்வுக்குப் பராக்செட்டினும் சேர்ந்திருக்கிறது. திருமணமாகவில்லை, தங்கையுடன்தான் இருக்கிறார். தங்கை துணி தைத்துக் கொடுத்துக் குடும்பத்தை ஓட்டுகிறார். ஐந்து மாதத்துக்கு முன் அக்காவின் நோய் முற்றி, மனநல வார்டில் சேர்த்தார்கள். சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே அவர், “என் மார்புக்குள்ளே கல்லை வெச்சுத் தெச்சுட்டாங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். வார்டில் அதை நோயின் பேச்சு என்று குறித்துக்கொண்டு மாத்திரை அளவைக் கூட்டினார்கள். இரண்டு மாதத்தில் வீடு திரும்பினார். பிறகு ஒரு நாள் அவரைக் குளிப்பாட்டும்போது தங்கையின் கையில் கட்டி தட்டுப்பட்டது. ஸ்கேன், மாமோகிராம், பயாப்ஸி என்று அலைந்து, மூன்று வாரம் முன்பு முடிவு வந்தது: இடது மார்பில் 4 செ.மீ. அளவில் புற்றுநோய், அக்குளில் நெறிகட்டியிலும் இருக்கிறது, வேறு எங்கும் பரவவில்லை, ஹார்மோன் ஏற்பிகள் உள்ள (ஹார்மோனால் வளரும்) வகை. அலைச்சலில் தூக்கம் கெட்டு, அக்கா இப்போது மறுபடியும் அதே வார்டில்.

புற்றுநோய் மருத்துவர், “கீமோ, ஆபரேஷன், ரேடியேஷன் என்று போகவேண்டிய கேஸ்தான். ஆனால் இவர் ஒத்துழைக்க மாட்டார், ஹார்மோன் மாத்திரை மட்டும் கொடுத்துப் பார்க்கலாம்” என்றாராம். அண்ணனோ, “அவளிடம் சொல்லவே வேண்டாம், நான் கையெழுத்துப் போடுகிறேன்” என்கிறார். மனநோய் மாத்திரைதான் புற்றுநோயைக் கொண்டுவந்ததா, கீமோ முடியும்வரை அதை நிறுத்தலாமா, சொல்லாமலே சிகிச்சை செய்யலாமா, வார்டில் இருந்தபடி கீமோ எடுப்பது பாதுகாப்பா, புகார் கொடுத்தால் அக்காவைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்களா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். கடைசியில் ஒரு வரி: “வசதியான வீட்டுப் பெண்ணாக இருந்தால் இப்படி ஆகியிருக்குமா டாக்டர்?”

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தில் நீங்கள் உங்களைத் திட்டிக்கொள்வது மூன்று இடத்தில் வருகிறது. “கூடவே இருந்தும் பார்க்கவில்லையே” என்கிறீர்கள். ஐந்து மாதத்தில் அந்தக் கட்டியைக் கையால் தொட்டுப் பார்த்த முதல் ஆள் நீங்கள்தான். பார்த்திருக்க வேண்டியவர்கள் வேறு. அந்தக் கணக்கை அவர்கள் பக்கமே வைத்துவிட்டு மேலே போவோம்.

வார்டில் நடந்தது உங்கள் அக்காவுக்கு மட்டும் நேர்ந்த அபூர்வமான தவறு இல்லை. மனநோய் என்று பெயர் எழுதிய நொடியிலிருந்து அந்த நபர் சொல்லும் உடல் தொந்தரவு எல்லாமே மனநோயின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். ஒரு டாக்டர் கேஸ் ஷீட்டில் “உடல் பற்றிய மாயநம்பிக்கை” என்று ஒரு வரி எழுதிவிட்டால், அடுத்து ரவுண்ட்ஸ் வருகிறவர்கள் அதையே படித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஒரு பெண் நர்ஸை அழைத்து, மறைப்புக்குப் பின்னால் இரண்டு நிமிடம் மார்பைச் சோதிக்க யாருக்கும் தோன்றாது. நானும் அப்படிச் செய்தவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நோயாளி, ராத்திரியில் தன் தொண்டையில் யாரோ ஆசிட் ஊற்றுவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் மருந்தைக் கூட்டினேன். ஆறு வாரம் கழித்து அவரால் தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. உணவுக்குழாயில் புற்றுநோய். ‘யாரோ ஊற்றுகிறார்கள்’ என்பது அவருடைய நோய். ‘எரிகிறது’ என்பது உண்மை. இரண்டையும் பிரித்துக் கேட்க எனக்கு அப்போது தெரியவில்லை. உங்கள் அக்காவும் அதே மாதிரிதான் சொல்லியிருக்கிறார். ‘வெச்சுத் தெச்சுட்டாங்க’ என்பதை விட்டுவிட்டால் ‘மார்புக்குள்ளே கல்’ என்பது கட்டியைப் பற்றிய மிகத் துல்லியமான வர்ணனை.

மனநல வார்டில் நோயாளிப் பாதுகாப்பு என்றால் எங்கள் துறையில் பெரும்பாலும் தற்கொலை முயற்சி, அடிதடி, கட்டிவைத்தல், தப்பியோடுதல் என்றுதான் பேசுவோம். பேச வேண்டியதுதான். ஆனால் தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முன்னதாக இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் பெரும்பங்கு இதயநோய், சர்க்கரை, நுரையீரல் நோய், புற்றுநோய் போன்ற உடல்நோய்களால்தான். வார்டின் ஜன்னலுக்குக் கம்பி போட்டுவிட்டு நோயாளியின் மார்பைப் பார்க்காமல் விட்டால் அந்த வார்டு பாதுகாப்பானது இல்லை.

மாத்திரைதான் காரணமா?

முழுக்க இல்லை என்றும் சொல்ல முடியாது, ஆம் என்றும் சொல்ல முடியாது. ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால், அமிசல்பிரைட் போன்ற சில மருந்துகள் புரோலாக்டின் என்ற ஹார்மோனைக் கூட்டும். பின்லாந்தில் மனச்சிதைவு நோயுள்ள பெண்களை வைத்து நடந்து 2021-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், இத்தகைய மருந்துகளை ஐந்து வருடத்துக்கு மேல் எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் சாத்தியம் சுமார் ஒன்றரை மடங்காக இருந்தது. உங்கள் அக்கா பத்து வருடம் எடுத்திருக்கிறார், ஆகவே அதற்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வயது, குழந்தை பெறாதது, உடல் எடை, பரம்பரை என்று இந்த நோய்க்குப் பல வழிகள் இருக்கின்றன. ஒரு தனி மனுஷிக்கு எது காரணம் என்று யாராலும் பிரித்துக் காட்ட முடியாது. இப்போது எடுக்கும் குளோசபைன் புரோலாக்டினை அநேகமாகக் கூட்டுவதில்லை.

நீங்கள் உணவில் கலந்து கொடுத்தாவது மாத்திரையை விடாமல் பார்த்துக்கொண்டதை நினைத்து இப்போது நடுங்குகிறீர்கள். கலந்து கொடுப்பது எனக்கு உடன்பாடான வழி இல்லை. அக்காவுக்குத் தெரியவந்தால் உங்கள் மேலுள்ள நம்பிக்கையே போய்விடும். இனிமேல் வேண்டாம். ஆனால் மருந்து கொடுத்தது தவறு இல்லை. அதே பின்லாந்தில் 20 வருடம் வரை தொடர்ந்து பார்த்ததில், மருந்தில்லாமல் இருந்த காலத்தைவிட மருந்து எடுத்த காலத்தில் இறப்பு குறைவு. அதிலும் குளோசபைன் எடுத்தவர்களிடம்தான் மிகக் குறைவு.

கீமோ முடியும்வரை நிறுத்திவைக்கலாமா?

தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்தக் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது இந்த யோசனைதான். குளோசபைனைத் திடீரென்று நிறுத்தினால் நோய் முன்பைவிட வேகமாகத் திரும்பும். அப்போது “ஒத்துழைக்க மாட்டார்” என்ற பேச்சு நிஜமாகவே ஆகிவிடும்.

நிறுத்தச் சொல்லி உங்களிடம் யாரோ சொன்னதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. குளோசபைன் அரிதாக ரத்தத்தின் வெள்ளை அணுக்களைக் குறைக்கும். கீமோ அநேகமாக எல்லோருக்கும் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்ற பயம் நியாயமானது. ஆனாலும் இரண்டையும் சேர்த்தே நடத்தி முடித்த நோயாளிகள் உண்டு. ரத்தப் பரிசோதனையை அடிக்கடி செய்வார்கள், தேவைப்பட்டால் வெள்ளை அணுக்களைக் கூட்டும் ஊசி போடுவார்கள், எந்த எண்ணிக்கைக்குக் கீழே போனால் யார் என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதிவைப்பார்கள். மனநல மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் ஒரே தாளில் கையெழுத்திட்டு எடுக்கவேண்டிய முடிவு இது. ஒருவர் நிறுத்திவிட்டு மற்றவருக்குச் சொல்லாமல் விடுவதுதான் நடைமுறையில் நடக்கும் விபத்து.

இன்னொன்று. கீமோவுக்குப் பின் வாந்தியெடுத்து மாத்திரை நிற்கவில்லை, அல்லது வேண்டாம் என்று இரண்டு நாள் விட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் குளோசபைனைப் பழைய அளவில் மறுபடி கொடுக்கக்கூடாது. மிகக் குறைந்த அளவிலிருந்து படிப்படியாகத்தான் ஏற்றவேண்டும், இல்லாவிட்டால் ரத்த அழுத்தம் சட்டென்று விழும். அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

நீங்கள் கேட்காத, நான் சொல்லியே ஆகவேண்டிய விஷயம் பராக்செட்டின். ஹார்மோன் மாத்திரை என்று புற்றுநோய் மருத்துவர் சொன்னது டமாக்சிஃபென் ஆக இருந்தால் (மாதவிடாய் நிற்காத பெண்களுக்குப் பெரும்பாலும் அதுதான்), கல்லீரல் அதை இன்னொரு வடிவத்துக்கு மாற்றினால்தான் அது சரியாக வேலை செய்யும். பராக்செட்டினும் ஃப்ளூஆக்செட்டினும் அந்த மாற்றத்தைத் தடுத்துவிடும். மனச்சோர்வுக்கு அந்தத் தொந்தரவு குறைவாக உள்ள மருந்துகள் இருக்கின்றன, வென்லாஃபாக்சின் ஒன்று. பராக்செட்டினை ஒரே நாளில் நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம் வரும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து மாற்றச் சொல்லுங்கள். எல்லா மாத்திரைகளையும் ஒரு தாளில் எழுதி இரண்டு ஆஸ்பத்திரியிலும் கொடுங்கள். இந்த ஒரு தாள் இல்லாமல் நான் பார்த்த குழப்பங்களைத் தனியாக ஒரு புத்தகமாகவே எழுதலாம்.

“ஒத்துழைக்க மாட்டார்” என்பது பற்றி

4 செ.மீ. கட்டி, அக்குளில் நெறிகட்டி, வேறெங்கும் பரவவில்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது குணமாக்கும் நோக்கத்தோடு சிகிச்சை செய்யக்கூடிய கட்டம். நான் மனநல மருத்துவர். எந்த மருந்து, எந்த வரிசை என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. ஆபரேஷன் இல்லாமல் ஹார்மோன் மாத்திரை மட்டும் என்பது பொதுவாக ஆபரேஷனைத் தாங்க முடியாத, வயது மிக முதிர்ந்த, தளர்ந்த நோயாளிகளுக்குச் செய்யும் ஏற்பாடு. உங்கள் அக்காவுக்கு 47 வயது. “இதே ரிப்போர்ட்டோடு மனநோய் இல்லாத 47 வயதுப் பெண் வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?” என்று அந்த டாக்டரைக் கேளுங்கள். சண்டைக்குப் போவதுபோல் வேண்டாம், சாதாரணமாகக் கேளுங்கள். இரண்டு பதிலுக்கும் வித்தியாசம் இருந்தால் அந்த வித்தியாசத்துக்கு என்ன காரணம் என்று கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். பல துறை டாக்டர்கள் சேர்ந்து கேஸ்களை விவாதிக்கும் ட்யூமர் போர்டு அங்கே இருந்தால், அதில் மனநல மருத்துவரையும் உட்காரவைத்து அக்காவின் கேஸை எடுக்கச் சொல்லுங்கள்.

அவர் உண்மையிலேயே ஒத்துழைக்காமல் போகலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் முயன்று பார்த்தபின் சொல்லவேண்டிய வார்த்தை அது. யாராவது முயன்றார்களா? காலை முதல் மாலை வரை கூட்டமான வராந்தாவில் உட்காரவைத்து, யாரென்று தெரியாத நான்கு பேர் தொட்டுப் பார்த்தால் நோயில்லாதவருக்கே எரிச்சல் வரும். முதல் ஆளாகப் பார்த்து அனுப்பச் சொல்லலாம். ஒரே நர்ஸ், ஒரே அறை என்று கேட்கலாம். ஊசி போடும் நாளுக்கு முன்பே ஒரு முறை கூட்டிப்போய் நாற்காலியைக் காட்டிவிட்டு வரலாம். இவை சலுகைகள் இல்லை. ஐ.நா. சபை 2006-ல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 25-ஆவது பிரிவு, மற்றவர்களுக்குக் கிடைக்கும் அதே தரமான மருத்துவம் இவர்களுக்கும் கிடைக்கவேண்டும் என்கிறது. அதில் மனநோயால் நீண்டகாலம் பாதிக்கப்பட்டவர்களும் அடக்கம். உலகின் பெரும்பாலான நாடுகள் அதை ஏற்றிருக்கின்றன. நீங்கள் எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை. உள்ளூர்ச் சட்டத்தை ஒரு வழக்கறிஞரிடமோ ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

நாளைக் கடத்தாதீர்கள் என்பதையும் சொல்லவேண்டும். பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2020-ல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, புற்றுநோய் ஆபரேஷன் நான்கு வாரம் தள்ளிப்போனால் இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது. ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று பதற வேண்டாம். ஆனால் “மனசு சரியானதும் பார்த்துக்கலாம்” என்று மூன்று மாதம் விடுகிற விஷயமும் இல்லை. மனநோய்க்கும் புற்றுநோய்க்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை நடக்கமுடியும்.

அண்ணன் சொல்வது சரியா?

அண்ணனுக்கு உங்கள் அக்கா மேல் பாசம் இருப்பது தெரிகிறது. அதிர்ச்சியில் நோய் கூடிவிடும் என்று பயப்படுகிறார். ஆனால் உங்கள் அக்காவுக்கு இந்தச் செய்தி புதிதே இல்லை. எல்லோருக்கும் முன்னால் சொன்னவரே அவர்தான். ஐந்து மாதமாகத் தன் உடம்பில் ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், அதை நம்ப ஆள் இல்லை. இப்போதும் மறைத்து, எதற்கென்று சொல்லாமல் மயக்க மருந்து கொடுத்து, விழித்துப் பார்க்கும்போது மார்பில் தையல் இருந்தால்? ‘வெச்சுத் தெச்சுட்டாங்க’ என்ற பயத்தை நாமே உண்மையாக்கிக் கொடுத்ததாகிவிடும்.

மனநோய் இருப்பதாலேயே ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று ஆகிவிடாது. டாக்டர்கள் நான்கு விஷயம் பார்ப்பார்கள்: சொல்வது புரிகிறதா, கொஞ்ச நேரமாவது நினைவில் நிற்கிறதா, நல்லது கெட்டதை எடைபோட முடிகிறதா, முடிவை ஏதோவொரு விதத்தில் தெரிவிக்க முடிகிறதா. அதுவும் இந்த ஒரு முடிவுக்கு, இந்த நேரத்தில். பக்கத்து வீட்டுக்காரர் தன் மூளையைப் படிக்கிறார் என்று நம்புகிற ஒருவரால், “கட்டியை எடுக்கணும், எடுத்தா பிழைப்பேன்” என்று தெளிவாகச் சொல்லமுடியும். நான் பார்த்திருக்கிறேன். காலையில் முடியாதவருக்கு மாலையில் முடியலாம். உண்மையிலேயே முடியவில்லை என்று முறையாகப் பார்த்து எழுதினால், அப்போது அவருடைய விருப்பங்களை வைத்து யார் முடிவெடுப்பது என்று சட்டம் சொல்லும். கூடப்பிறந்தவர் என்பதாலேயே அண்ணன் கையெழுத்து செல்லும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எப்படிச் சொல்வது? அவர் நம்புகிற ஒருவர் அருகில் இருக்க, தூக்கக் கலக்கம் இல்லாத நேரத்தில், சின்னச் சின்னதாக. “நீ சொன்ன மாதிரியே உள்ளே ஒரு கட்டி இருக்கு. யாரும் வைக்கலை, அதுவா வளர்ந்தது. அதை எடுக்க டாக்டர்ங்க இருக்காங்க.” யார் வைத்தது என்பதில் வாதம் செய்யாதீர்கள், கட்டி இருக்கிறது என்பதில் இருவரும் ஒத்துப்போகிறீர்கள், அது போதும். மறுநாள் மறுபடி சொல்லுங்கள். சொன்னபின் வரும் வாரங்களில் அவர் ஒடுங்கிப்போனால், சாகவேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் அன்றே வார்டு டாக்டரிடம் சொல்லவேண்டும். வார்டிலிருந்து வீடு திரும்பிய முதல் ஒன்றிரண்டு வாரமும் இதே கவனம் வேண்டும்.

வார்டில் இருந்தபடி கீமோ

முடியும். பெரும்பாலான கீமோ காலையில் போய் மாலையில் திரும்புவது. சிக்கல் ஊசி போடும் இடத்தில் இல்லை, திரும்பி வந்தபின் இருக்கிறது. மனநல வார்டு நர்ஸ்களுக்குக் கீமோ பழக்கமில்லை. கீமோ வார்டு நர்ஸ்களுக்கு மனநோய் பழக்கமில்லை. உங்கள் அக்கா இரண்டுக்கும் நடுவில் இருப்பார்.

முதலில் காய்ச்சல். கீமோ எடுத்தவருக்கு 38 டிகிரி செல்சியஸ் (100.4 பாரன்ஹீட்) வந்தாலே அவசரம்; உடனே ரத்தம் எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் தொடங்கவேண்டும். காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்கக்கூடாது. மனநல வார்டில் தினமும் உடல் சூடு பார்க்கும் வழக்கம் இல்லாமல் இருக்கலாம். உங்கள் அக்கா “குளிருது” என்று சொல்லாமலும் இருக்கலாம், சொன்னாலும் யாரோ ஐஸ் வைத்துவிட்டார்கள் என்று சொல்லலாம். மறுபடியும் அதே கதை வேண்டாம். ஒரு நாளைக்கு எத்தனை முறை பார்ப்பது, ராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சல் வந்தால் எந்த நம்பருக்குக் கூப்பிடுவது என்று கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதவையுங்கள்.

அடுத்தது மலச்சிக்கல். சிரிக்காதீர்கள். குளோசபைன் குடலை மந்தமாக்கும். வாந்திக்குக் கொடுக்கும் ஒண்டான்செட்ரானும் அதையே செய்யும். வலிக்கு மார்ஃபின் வகை மருந்து சேர்ந்தால் மூன்றும் ஒன்றாகிவிடும். குளோசபைன் எடுப்பவர்களுக்கு இது குடலடைப்பாக மாறி உயிரைப் பறித்ததும் உண்டு. முதல் நாளிலிருந்தே மலமிளக்கி, தினமும் ஒரு கேள்வி.

கீமோவோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அது தூக்கத்தைக் கெடுக்கும், சிலருக்கு மனநோயைக் கிளறிவிடும். குறைந்த அளவில் காலையில் கொடுக்கமுடியுமா, அதற்குப் பதில் வேறு உண்டா என்று முன்பே கேளுங்கள். இல்லாவிட்டால் கீமோவுக்கு மறுநாள் அவர் ராத்திரி முழுக்க நடக்க, “பார்த்தீர்களா, சொன்னேனே” என்பார்கள்.

கடைசியாக, போர்ட். கீமோவுக்காக மார்புத் தோலுக்கு அடியில் ஒரு சின்னக் கருவியை வைத்துத் தைக்கும் முறை இருக்கிறது. கையில் குழாய் தொங்குவதைவிட அது மனநல வார்டுக்கு நல்லது, இழுத்துவிடும் பயம் இல்லை. ஆனால் உங்கள் அக்காவிடம் முன்கூட்டிச் சொல்லாமல் அதைச் செய்தால் என்ன ஆகும் என்று நான் விளக்கத் தேவையில்லை. அந்தக் கருவியை அவர் கையில் கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் ஒவ்வொரு முறையும் கையிலேயே ஊசி போடமுடியுமா என்று கேளுங்கள்.

வசதியான வீட்டுப் பெண்ணாக இருந்தால்?

இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்ல விரும்பவில்லை. வாய்ப்பு வேறாக இருந்திருக்கும். 71 நாடுகளின் பதிவேடுகளை வைத்து 2018-ல் வெளியான ஆய்வில், மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட பெண்களில் ஐந்து வருடம் உயிரோடிருந்தவர்கள் அமெரிக்காவில் 90.2 சதவீதம், ஆஸ்திரேலியாவில் 89.5, இந்தியாவில் 66.1. நோய் எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஒரே நாட்டுக்குள்ளும் ஏழைக்கும் வசதியானவருக்கும் இந்த இடைவெளி இருக்கிறது. அதன்மேல் மனநோய் இன்னொரு அடுக்கு: 47 லட்சம் பேரை உள்ளடக்கிய, 2020-ல் வந்த தொகுப்பாய்வில், மனநோய் உள்ளவர்களுக்குப் புற்றுநோய்ப் பரிசோதனை நடக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய கால்பங்கு குறைவு. உங்கள் அக்காவுக்கு 47 வயதுவரை யாரும் மாமோகிராம் பற்றிப் பேசியதே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஆச்சரியமில்லை.

ஆனால் ‘பணம் இல்லை, அதனால் முடிந்தது’ என்று நீங்கள் நினைப்பது தப்பு. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் ஏழைக் கறுப்பினப் பெண்களுக்குச் சிகிச்சை கொடுத்தார் ஹெரால்ட் ஃப்ரீமன் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர். அங்கே மார்பகப் புற்றுநோயில் ஐந்து வருடம் பிழைத்தவர்கள் ஒரு காலத்தில் 39 சதவீதம்தான். இலவசமாகவோ குறைந்த செலவிலோ பரிசோதனை கொடுத்தார்கள். 1990-ல், நோயாளியின் கூடவே நடக்க ஒரு ஆளையும் நியமித்தார்கள்: தேதி வாங்குவது, ரிப்போர்ட்டைப் பின்தொடர்வது, வராவிட்டால் போன் செய்வது, ஃபாரம் நிரப்பித் தருவது. பிறகு வந்த நோயாளிகளில் 70 சதவீதம் பேர் ஐந்து வருடம் தாண்டினார்கள். புது மருந்துகளுக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் கூடவே ஒரு ஆள் இருப்பது சிகிச்சையில் சேர்ந்தது என்று அதன்பிறகுதான் பலர் ஒத்துக்கொண்டார்கள்.

உங்கள் வீட்டில் அந்த ஆள் நீங்கள்தான். நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒவ்வொரு நாளும் தையல் வருமானம் நிற்கிறது என்பதும் உண்மை. சிகிச்சை இலவசம் என்றாலும் இந்த இழப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ரத்தப் பரிசோதனை, டாக்டர், ஸ்கேன் எல்லாவற்றையும் ஒரே நாளில் போடச் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையை வார்டிலேயே எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். துணைக்கு ஆள் அனுப்புவது வார்டின் பொறுப்பு என்றால் அதைக் கேட்டு வாங்குங்கள். சமூகப் பணியாளரைப் பார்த்து உதவித்தொகை, பயணச் சலுகை உண்டா என்று விசாரியுங்கள். அண்ணனிடமும் வேலையைப் பிரித்துக் கொடுங்கள்: கையெழுத்துப் போட முன்வந்தவர், வாரத்தில் ஒரு நாள் கூடப் போகட்டும்.

புகார்

கொடுங்கள். ஆனால் முதல் வேலை சிகிச்சைத் தேதி, இரண்டாவது வேலை புகார். முதலில் கேஸ் ஷீட்டின் நகலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான நாடுகளில் அதற்கு உரிமை உண்டு. அக்காவால் கையெழுத்திட முடியும் என்றால் அவர் பெயரிலேயே கேளுங்கள். ‘மார்பில் கல்’ என்று எந்தத் தேதியில் எழுதியிருக்கிறார்கள், சேர்த்த அன்று உடல் பரிசோதனை நடந்ததா என்று பாருங்கள். நீங்கள் கட்டியைக் கண்ட தேதி, போன ஆஸ்பத்திரிகள், பார்த்த டாக்டர்கள் எல்லாவற்றையும் இப்போதே எழுதிவையுங்கள்; ஆறு மாதத்தில் மறந்துபோகும்.

பழிவாங்குவார்களோ என்ற பயத்தை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அதனால் குற்றச்சாட்டாக இல்லாமல் கேள்விகளாக எழுதுங்கள். எப்போது பரிசோதித்தீர்கள்? பரிசோதிக்கவில்லை என்றால் ஏன்? இனி சேர்பவர்களுக்கு என்ன மாற்றியிருக்கிறீர்கள்? வார்டுக்கு மட்டும் கொடுக்காமல் ஆஸ்பத்திரித் தலைமைக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். எழுத்தில் கேள்வி கேட்ட குடும்பத்தைக் கவனிக்காமல் விட எந்த வார்டும் யோசிக்கும். இழப்பீடு கேட்கும் எண்ணம் இருந்தால் காலவரம்பு உண்டு, ஆகவே வழக்கறிஞரை இப்போதே ஒரு முறை பாருங்கள். “மனநோயாளி சொன்னதை யார் ஏற்பார்கள்” என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் சொன்னதை வார்டே தன் கையால் எழுதிவைத்திருக்கிறது. அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். போன வாரம் அக்கா உங்களிடம், “கல்லை எடுத்துடுவாங்களா?” என்று கேட்டாராம், பதில் சொல்லத் தெரியாமல் எழுந்து வந்துவிட்டீர்களாம். அடுத்த முறை போகும்போது உட்கார்ந்து, “எடுக்கத்தான் டாக்டர்கிட்ட தேதி கேட்டிருக்கேன்” என்று சொல்லுங்கள். அதற்கு முன்னால் தேதி கேட்டுவிடுங்கள்.